‘உயிரிழப்பு எதுவுமில்லை’ என்ற வரியைத் திருத்தக் கோருவது

அனுப்புநர்:
வேலுப்பிள்ளை கனகசிங்கம்,
1407ஆம் இலக்க வீடு,
மல்வேர்ன், ஸ்காபரோ,
ஒன்ராறியோ.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
ஏரிக்கரைக் கடற்படை நூதனசாலை,
ரொறன்ரோ.

விடயம்: ‘கலிஸ்ரா’ என்னும் குரூசர் போர்க்கப்பல் கண்காட்சியில் உள்ள விளக்கப் பலகையின் கடைசி வரி, இரும்பு மூடி விளையாட்டு, கண்ணாடிப் பெட்டியில் உள்ள பதிவேட்டின் 31ஆம் பக்கம் ஆகியவை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் நூதனசாலை வாசலில், பார்வையாளர்கள் தங்கள் குறைகளை எந்த மொழியிலும் எழுதலாம், மொழிபெயர்த்துப் படிப்போம் என்று ஓர் அறிவித்தல் தொங்குகிறது. அதை நம்பி இம்மனுவைத் தமிழில் எழுதுகிறேன். எனக்கு ஆங்கிலம் தெரியும். திருகோணமலைத் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தவன் நான். இருந்தும் தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதை மனுவின் கடைசியில் சொல்கிறேன்.

2. முதலில் குறை. 1917இல் கட்டப்பட்ட ‘கலிஸ்ரா’வின் மணி, திசைகாட்டி, கீழ்த்தளத்து இரும்பு மூடி, சில கடதாசிகள் ஆகியவற்றை அக்கப்பலில் பணியாற்றிய ஒரு கனடிய லெப்டினன்ட்டின் குடும்பம் தங்களுக்கு அன்பளிப்பாகத் தந்ததாக அறிகிறேன். அந்த மூடிக்கு மேலே உள்ள பலகையில் எழுதியிருப்பது: “12 ஓகஸ்ட் 1942 அன்று டோர்பிடோ தாக்கியது. இந்த மூடி உரிய நேரத்தில் பூட்டப்பட்டதால் கப்பல் மூழ்கவில்லை. 412 பேரும் உயிர் தப்பினர். உயிரிழப்பு எதுவுமில்லை.” முதல் இரண்டு வாக்கியங்களும் சரி. மூன்றாவதும் ஒரு வகையில் சரி. நான்காவது பிழை. அந்த மூடிக்குக் கீழே ஒருவர் இருந்தார். அவருடைய பெயர் சின்னத்தம்பி நவரட்ணம். வயது 23. கப்பலின் சலவைத் தொழிலாளி. அவருடைய மகள் இந்த நகரத்தில்தான் வசிக்கிறார். தன் தந்தை கப்பலை விட்டு ஓடிப்போய்விட்டார் என்று ஐம்பத்து நான்கு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறார்.

3. இது எனக்கு எப்படித் தெரியும் என்று தாங்கள் கேட்பது நியாயம். நானும் அதே சலவை அறையில் வேலை செய்தேன். இதை நான் எழுத்தில் ஒப்புக்கொள்வது இதுவே முதல் தடவை. ரொறன்ரோவில் என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும், என் மகன் சிவரூபன் உட்பட, யுத்த காலத்தில் நான் ஏதோ ஒரு கப்பலின் அலுவலகத்தில் எழுத்து வேலை செய்ததாகத்தான் அறிவார்கள். அப்படிச் சொன்னவன் நான்தான். உண்மையில் நான் செய்தது அதிகாரிகளின் வெள்ளைக் கழுத்துப்பட்டிகளுக்குக் கஞ்சி போட்டு அழுத்தியது. எங்கள் ஊரில் அந்த வேலைக்கு ஒரு பெயர் இருந்தது. அது ஒருவன் மேல் ஒட்டினால் பேரப்பிள்ளைகள் காலம்வரை போகாது. நான் கடைக்காரரின் மகன். சோதனையில் தவறி, வீட்டாரோடு கோபித்துக்கொண்டு, கிடைத்த வேலையில் சேர்ந்தவன். நவரட்ணத்துக்கு அது பரம்பரை வேலை. முதல் மாதம் அவர் குடித்த கோப்பையில் நான் குடிக்கவில்லை. இரண்டாம் மாதம் குடித்தேன். கப்பலில் கோப்பைகள் குறைவு.

4. தங்கள் கண்காட்சியில் மாலுமிகளின் தங்குமிடம் என்று ஓர் அறை அமைத்திருக்கிறீர்கள். குறை சொல்லவேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை, ஆனால் இவ்வளவு வெளிச்சம் அங்கே எந்த நாளும் இருந்ததில்லை. படுப்பதற்கு நான்கு கன்வஸ் ஏணைகள் கட்டியிருக்கிறீர்கள். அந்த அளவு இடத்தில் இருபத்திரண்டு கட்டியிருந்தோம். ஒருவர் புரண்டால் வரிசை முழுவதும் ஆடும். அது வடகடல் குளிருக்கென்று கட்டிய கப்பல். இந்து சமுத்திரத்தில் அதன் சுவர்களில் கை வைக்க முடியாது. காலையில் தட்டு நிறையக் கரப்பான், கோப்பை நிறையக் கட்டியான கொக்கோ. மத்தியானம் மாலுமிகளுக்கு றம் கொடுப்பார்கள், எங்களுக்கு இல்லை. துவைத்த துணியை மேல்தளத்தில், புகைபோக்கிக்குப் பின்னால் காயப்போடுவோம். காற்றுத் திரும்பினால் கரி முழுவதும் வெள்ளைச் சட்டையில் இறங்கும். அப்போது நவரட்ணம் புகைபோக்கியைப் பார்த்துத் திட்டும் திட்டு இருக்கிறதே, அதைத் தங்கள் மொழிபெயர்ப்பாளருக்கு நான் கொடுக்கமாட்டேன். திட்டி முடித்துவிட்டு அவ்வளவையும் மறுபடி துவைப்பார். அவர் அழுத்திய சட்டையில் ஒரு மடிப்பு இரண்டாகத் தெரிந்ததை நான் கண்டதில்லை.

5. சலவை அறை கப்பலின் அடியில், நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தது. முன்னர் அது வேறு ஏதோ களஞ்சியம். ஏறி இறங்க ஒரே வழிதான்: ஒன்பது படியுள்ள செங்குத்தான இரும்பு ஏணி, அதற்கு மேலே தாங்கள் வைத்திருக்கும் மூடி, மூடிக்கு எட்டுக் கொளுக்கிகள். அறையில் இரண்டு குழாய்கள். ஒன்றில் நல்ல தண்ணீர், நாளுக்கு ஒரு மணித்தியாலம் மட்டும். மற்றதில் கடல் தண்ணீர், எந்த நேரமும். இந்த இரண்டாவது குழாயைத் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவும்.

6. நாங்கள் மூன்று பேர். தலைவர் அன்புராசா, நவரட்ணம், நான். நாங்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள், கடற்படையின் ஆட்கள் அல்ல. ஆகையால் கப்பலின் பெயர்ப் புத்தகத்தில் எங்களுக்கு இடமில்லை. வெளியாட்கள் பதிவேடு என்று வேறொன்று இருந்தது. தாங்கள் எழுதியுள்ள 412 என்பது பெயர்ப் புத்தகத்தின் கணக்கு. அந்தப் பயணத்தில் வெளியாட்கள் நாங்கள் மட்டும்தான்; எங்களையும் சேர்த்தால் 415. உயிர் தப்பியது 414.

7. அபாயச் சங்கு ஊதினால் கீழ்த்தளங்களில் உள்ள எல்லோரும் மேலே ஏறிவிடவேண்டும். மூடியருகில் நிற்கும் பெற்றி ஒபிசர் என்ற சிறு அதிகாரி ஒவ்வொரு அறைக்கும் எத்தனை பேர் ஏறினார்கள் என்று கேட்பார். சரியான எண்ணிக்கையைச் சொன்னால் அறை வெறுமை என்று அர்த்தம். உடனே மூடியைப் பூட்டுவார்கள். அன்புராசா துணியோடு மேல்தளத்திலேயே நிற்க அனுமதி இருந்தது, அவருக்கு ஆங்கிலமும் வராது. ஆகவே சலவை அறைக்காகப் பதில் சொல்வது என் வேலை. “மூன்று, சேர்” என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான். பயிற்சிக்காக நாளுக்கு ஒரு தடவை, சில நாட்களில் இரண்டு தடவை சங்கு ஊதும். இருபது நிமிடம் நின்றுவிட்டு இறங்கிப் போவோம்.

8. 12 ஓகஸ்ட் 1942 புதன்கிழமை. அன்று ஆடி அமாவாசை. தங்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை என்பதால் விளக்குகிறேன். தந்தையை இழந்தவர்கள் அன்று விரதமிருந்து, கடலில் தீர்த்தமாடி, எள்ளும் தண்ணீரும் இறைத்து, அதன் பிறகே சாப்பிடுவார்கள். தந்தை உயிரோடு இருப்பவர்கள் இந்த விரதம் பிடிப்பதில்லை. நவரட்ணம் சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவர். எள்ளை ஒரு கடதாசியில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துத் திருகோணமலையிலிருந்தே கொண்டுவந்திருந்தார். கப்பலைச் சுற்றி எல்லாத் திசையிலும் கடல்தான். ஆனால் எங்களால் ஒரு கை கடல்நீர் அள்ள முடியாது. மேல்தளத்திலிருந்து வாளி இறக்கினால் தண்டனை. மேலே நின்று மந்திரம் சொன்னால் மாலுமிகள் சிரிப்பார்கள். கடல் தண்ணீர் வரும் குழாய் சலவை அறையில் இருந்தது. அங்கே தனியாக நின்று இறைப்பது என்று தீர்மானித்தார். என்னிடம் சொன்னது இது: “கனகு, நான் கீழை நிக்கிறன். சங்கு ஊதினால் நீ மூண்டெண்டு சொல்லு. அரை மணித்தியாலம் எனக்குக் காணும்.” நான் ஓம் என்றேன். இது புதிய ஏற்பாடு அல்ல. இதற்கு முன்னரும் இரண்டு தடவை, அவருக்குக் காய்ச்சலாக இருந்தபோது, அப்படிச் சொல்லியிருக்கிறேன். மூடியைத் திறந்தபோது உள்ளே நித்திரையாக இருந்தார். இரண்டு தடவையும் சிரித்தோம்.

9. காலை பத்தேமுக்காலுக்குச் சங்கு ஊதியது. வழக்கமான பயிற்சி என்று நினைத்தேன். பெற்றி ஒபிசர் கேட்டார். மூன்று என்றேன். எட்டுக் கொளுக்கிகளையும் பூட்டினார்கள். அவர் தன் கடமையைச் செய்தார். அவர்மேல் எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை. நான் இரண்டு என்று சொல்லியிருந்தால் அவர் குனிந்து ஒரு சத்தம் போட்டிருப்பார். நவரட்ணம் ஈரக் கையோடு, என்னைத் திட்டிக்கொண்டு ஏறி வந்திருப்பார். அதற்கு அரை நிமிடம் போதும். டோர்பிடோ வந்தது பதினொரு நிமிடம் கழித்து.

10. அடி பட்டதும் விளக்குகள் அணைந்தன. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது. பெற்றி ஒபிசர் என் தோளைப் பிடித்து மறுபடி கேட்டார்: சலவை மூன்று பேரும் மேலேதானா? இந்த இடத்தைத் தாங்கள் கவனமாகப் படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்போது எனக்குப் பயம் வந்தது. தண்ணீருக்குப் பயமில்லை. முதலில் சொன்னது பொய் என்று தெரிந்துவிடுமே என்ற பயம். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வரும் பயம். “மூன்று, சேர்” என்றேன். அவர் பின்பக்கம் ஓடிவிட்டார்.

11. அதன் பிறகு மூடியின் கீழ்ப்பக்கத்திலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. கையால் அல்ல, இரும்பால். துணி அழுத்தும் பெட்டியாக இருக்கவேண்டும். மூடியருகில் நான் மட்டுமே நின்றேன். என் கை ஒரு கொளுக்கியில் இருந்தது. கட்டளை இல்லாமல் எந்த மூடியையும் திறக்கக்கூடாது என்பது விதி. திறந்தால் தண்ணீர் மேலே ஏறும்; பக்கத்து அறையில் நோயாளிகள் முப்பது பேருக்கு மேல் கட்டிலில் கிடந்தார்கள். இவை இரண்டும் உண்மை. ஆனால் அந்த நேரம் நான் இவற்றை யோசித்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். நான் எதையும் யோசிக்கவில்லை. தட்டுவதை எண்ணிக்கொண்டு நின்றேன். நூற்று நாற்பது வரை எண்ணினேன். அதற்குப் பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

12. கப்பலை மொம்பாசாத் துறைமுகத்துக்கு இழுத்துச் செல்ல ஏழு நாள் எடுத்தது. ஆட்களில் பாதிப்பேரைத் துணைக் கப்பல்களுக்கு மாற்றியிருந்தார்கள்; அதனால் நவரட்ணம் வேறு கப்பலில் வருகிறார் என்று அன்புராசா நினைத்தார். நான் மறுக்கவில்லை. உயிரிழப்பு எதுவுமில்லை என்ற தந்தி அதற்கு முன்னரே போய்விட்டது. கரையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தியபோது சலவைக்கு இரண்டு பேர்தான் நின்றோம். மூன்றாவது ஆள் எங்கே என்று லெப்டினன்ட் கேட்டார். ஓடிவிட்டானா என்று அவரே கேட்டார். கேள்வியோடு விடையையும் சேர்த்துத் தந்துவிட்டார். “யெஸ், சேர்” என்றேன். எனக்கு எழுத்துத் தெரியும் என்பதால் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். “நவரட்ணம், சலவை, 19 ஓகஸ்ட், மொம்பாசாவில் அனுமதியின்றிக் கப்பலை விட்டு நீங்கினார்” என்று ஆங்கிலத்தில் எழுதினேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று அவர் பாராட்டினார். நான் கப்பலில் செய்த ஒரே எழுத்து வேலை அதுதான்.

13. கிழிசலை வெளியிலிருந்து அடைத்து, தண்ணீரை இறைத்த பிறகு மூடியைத் திறந்தார்கள். இறங்கிப் பார்த்தேன். பக்கச் சுவர் கதவளவு கிழிந்திருந்தது. தொட்டியும் குழாய்களும் இருந்தன. வேறு எதுவும் இல்லை. கடல் தண்ணீர்க் குழாய் திறந்தபடியே இருந்தது. நான் அதைப் பூட்டிவிட்டு ஏறி வந்தேன்.

14. நவரட்ணம் கப்பலேறியபோது அவருடைய மனைவி மனோரஞ்சிதம் கர்ப்பிணி. அந்த ஆண்டு நவம்பரில் ஒரு பெண் பிள்ளை பிறந்தது. ஒப்பந்தக்காரரின் கந்தோர் என் வாக்கியத்தைத் தட்டச்சுச் செய்து அந்த அம்மாவுக்கு அனுப்பியது. மொம்பாசாவில் ஒருத்தியோடு குடியிருக்கிறான் என்று மீதியை ஊர் எழுதிக்கொண்டது. அந்த அம்மா முப்பத்தேழு வருடம் தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. நல்லநாள் பெருநாளுக்குச் சபையில் முன்னுக்கு வர விடவும் மாட்டார்கள், கைம்பெண் என்று ஒதுக்கவும் மாட்டார்கள். 1979இல் அவர் இறந்தபோது சுமங்கலி என்று குங்குமம் வைத்துத்தான் எரித்தார்கள். நான் அதே ஊரில், துறைமுகக் கந்தோரில் இருந்தேன். அந்த வீடு என் வழியில்தான் இருந்தது. நான் வேறு வழியால் போய் வந்தேன். சுற்று வழி, பதினைந்து நிமிடம் கூட எடுக்கும்.

15. 1990இல் மகன் என்னை இங்கே கூப்பிட்டான். அடுத்த ஆண்டு எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில், கடிதப் பெட்டிகளின் வரிசையில், “1109, நவரட்ணம்” என்று ஒரு பெயர் புதிதாக ஒட்டியிருந்தது. குடிவரவுப் படிவத்தில் கடைசிப் பெயர் என்ற பெட்டியில் தகப்பன் பெயரை எழுதிவிட்டு, பிறகு நாடு முழுவதும் அந்தப் பெயரால் அழைக்கப்படுவது எங்கள் ஆட்களில் பலருக்கு நடந்தது. அந்த வீட்டுப் பெண் கேக் தொழிற்சாலையொன்றில் வேலை செய்கிறார்; அங்கே அவருடைய சட்டையிலும் நவரட்ணம் என்றுதான் பெயர் குத்தியிருக்கிறது. தன்னை விட்டு ஓடியவர் என்று நம்பும் ஒருவரின் பெயரை அவர் ஒவ்வொரு நாளும் நெஞ்சில் குத்திக்கொண்டு வேலைக்குப் போகிறார். அவர்தான் யோகமலர்.

16. திருகோணமலைக்காரர் என்று அறிந்ததும் என்னை அங்கிள் என்று உரிமையோடு கூப்பிடத் தொடங்கினார். வெள்ளிக்கிழமைகளில் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து தருவார். ஆறு வருடமாகச் சாப்பிடுகிறேன். ஒரு நாள் ஒரு பழைய தாளைக் கொண்டுவந்தார். தனக்கு ஆங்கிலம் வேலைக்கு மட்டும் காணும், இதைச் சரியாக வாசித்துச் சொல்லவேண்டும் என்றார். அது கந்தோர் அனுப்பிய தாள். என் சொந்த வாக்கியத்தை நான் அவருக்குத் தமிழில் வாசித்துச் சொன்னேன். இந்தக் கப்பலைத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது, நான் இருந்தது வேறு கப்பல் என்றேன். நவரட்ணம் என்னோடு இருந்தார் என்று சொன்னால், நான் எந்த வேலையில் இருந்தேன் என்பதும் வெளியே வரும். ஒரு கழுத்துப்பட்டிக் கஞ்சிக்காக அந்தப் பிள்ளைக்குத் தகப்பனை மறைத்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

17. ஒவ்வோர் ஆடி மாதமும் அவர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்பார். “ஆடி அமாவாசைக்கு நான் விரதம் பிடிக்கிறதோ விடுகிறதோ அங்கிள்? ஆள் இருக்கோ இல்லையோ எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே.” இருக்கும் தகப்பனுக்கு விரதம் பிடித்தால் அது அவரைக் கொல்வதுபோல. இறந்த தகப்பனுக்குப் பிடிக்காவிட்டால் அவரைப் பட்டினி போடுவதுபோல. ஐயரிடம் கேள் பிள்ளை என்று ஒவ்வொரு வருடமும் சொல்லி அனுப்பினேன். எந்த ஐயரும் எப்படிச் சொல்வார்?

18. தங்கள் கண்காட்சி பற்றிய செய்தியைத் தமிழ்ப் பத்திரிகையில் பார்த்து, கப்பலின் பெயரை அடையாளம் கண்டு, எங்கள் முதியோர் சங்கத்தை அங்கே கூட்டிவந்தவர் யோகமலர்தான். வருவதில்லை என்று நான் சொன்னேன். ஆங்கிலம் தெரிந்த ஆள் நீங்கள்தானே என்று கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினார். 22 மே 1997 அன்று இருபத்து மூன்று பேர் முன்னிலையில் அந்தப் பலகையை நான் தமிழில் வாசிக்க நேர்ந்தது. உயிரிழப்பு எதுவுமில்லை என்று என் வாயால், சத்தமாக, காது கேளாதவர்களுக்காக இரண்டு தடவை சொன்னேன். யோகமலர் குனிந்து அந்த மூடியின் விளிம்பைத் தடவினார். “எங்கடை அப்பா இதாலைதான் ஏறி இறங்கியிருப்பார், என்ன அங்கிள்?” என்றார். பிறகு, “எல்லாரையும் காப்பாத்தின கப்பல். இதை விட்டிட்டு ஏன்தான் ஓடினவரோ” என்றார்.

19. மூடிக்குப் பக்கத்தில் தாங்கள் ஒரு கடிகாரத்தை வைத்து, எட்டுக் கொளுக்கிகளையும் இருபது விநாடிக்குள் பூட்ட முடியுமா என்று பிள்ளைகளுக்குப் போட்டி வைத்திருக்கிறீர்கள். சிலர் கீழே உள்ள பெட்டிக்குள் இறங்குகிறார்கள், சிலர் மேலே நின்று பூட்டுகிறார்கள். அன்று ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். பூட்டிய பிறகு உள்ளே இருந்த பிள்ளை சிரித்துக்கொண்டு தட்டியது. நான் எண்ணத் தொடங்கிவிட்டேன். பதினொன்றில் திறந்துவிட்டார்கள். பிள்ளை வெளியே வந்தது. யோகமலர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்து வாங்கில் இருத்தினார். எனக்கு அழுகை வரவில்லை. ஐம்பத்தைந்து வருடமாக வந்ததில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. விசாரணை நடந்தால் அழாமல் சாட்சி சொல்வேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

20. அதற்குப் பிறகு மூன்று தடவை பஸ்ஸும் சப்வேயுமாகத் தனியே வந்தேன். தங்கள் காவலாளி என்னை இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். கண்ணாடிப் பெட்டியில் வெளியாட்கள் பதிவேடு இருக்கிறது. முந்திய பயணமொன்றின் சமையற்காரர்களின் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். நான் எழுதியது 31ஆம் பக்கத்தில் இருக்கிறது. ஐயமிருந்தால் அந்த வரியின் எழுத்தையும், தங்கள் பார்வையாளர் புத்தகத்தில் மூன்று நாட்களும் நான் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எனக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. ஆனால் ‘N’ எழுத்தை இன்னும் அப்படியேதான் சுழித்து எழுதுகிறேன்.

21. ஆகவே, தாங்கள் செய்யவேண்டியதாக நான் தாழ்மையுடன் கேட்பது: கடைசி வரியை நீக்கி, அந்த இடத்தில் “ஒருவர் இறந்தார். சின்னத்தம்பி நவரட்ணம், சலவைத் தொழிலாளி, திருகோணமலை, வயது 23” என்று எழுதவேண்டும். சலவைத் தொழிலாளி என்பதை விட்டுவிடவேண்டாம். அவர் அதற்கு வெட்கப்பட்டவர் அல்ல. பதிவேட்டை 31ஆம் பக்கத்தில் திறந்து வைத்து, அந்த வரி பொய், அதை எழுதியவர் வே. கனகசிங்கம் என்று என் பெயரோடு ஒரு குறிப்பு வைக்கவேண்டும். பிள்ளைகள் மூடியைப் பூட்டிப் பார்ப்பதை நான் தடுக்கச் சொல்லவில்லை. அவர்கள் விளையாடட்டும். உள்ளே யாரையும் இறங்க விடவேண்டாம், அது போதும். பூட்டுவதற்கு முன் ஒரு தடவை குனிந்து, கீழே யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கும்படி பலகையில் ஒரு வரி சேர்த்தால் நன்றியுடையவனாவேன்.

22. இன்னுமொன்று. இவ்வருடம் ஆடி அமாவாசை ஓகஸ்ட் 3ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. நவரட்ணம் இறந்ததும் அதே திதியில்தான். பலகையை மாற்றத் தங்களுக்கு மாதக்கணக்கில் எடுக்கலாம். குழு கூடவேண்டும், கையொப்பங்கள் வேண்டும், நானும் கந்தோரில் இருந்தவன், எனக்கு அது தெரியும். ஆனால் தங்கள் முத்திரையோடு ஒரு தாள், இந்த மனுவில் உள்ளதை விசாரித்து ஏற்றோம் என்று ஒரே ஒரு தாள், அந்தத் திகதிக்கு முன் யோகமலரின் கையில் கிடைக்கவேண்டும். அவரிடம் ஏற்கெனவே ஒரு தாள் இருக்கிறது. என் வாயால் சொன்னால், வயதுபோன மனுசன் தன்னை ஆறுதல்படுத்தச் சொல்கிறார் என்று அவர் நினைக்கக்கூடும். அந்தத் தாளை இன்னொரு தாளால்தான் வெல்லலாம்.

23. என்மேல் நடவடிக்கை எடுக்கவேண்டுமென்றால் எடுக்கலாம். எந்தச் சட்டத்தில், எந்த நாட்டில் என்பது எனக்குத் தெரியவில்லை. வயது 75. வீட்டில்தான் இருப்பேன். மகனுக்கு இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்த பிறகு சொல்வேன்.

24. தமிழில் எழுதிய காரணத்தைச் சொல்வதாக முதலாம் பந்தியில் எழுதியிருந்தேன். இம்மனுவை இரண்டு பேர் படிக்கவேண்டும். தாங்கள் படிப்பதற்கு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். மற்றவர் இதை வாசித்துக் காட்டச் சொல்லி மறுபடி என்னிடம் கொண்டுவரக்கூடாது.

இந்த மனுவில் உள்ளவை எல்லாம் நான் கண்டவை, கேட்டவை, செய்தவை. இந்தத் தடவை எண்ணிக்கை சரி.

31ஆம் பக்கத்தை எழுதிய அதே கையால்,

(ஒப்பம்)
வே. கனகசிங்கம்
முன்னாள் சலவைத் தொழிலாளி, ‘கலிஸ்ரா’

இடம்: மல்வேர்ன், ரொறன்ரோ
திகதி: 14 யூலை 1997

பிரதி: செல்வி யோகமலர் நவரட்ணம், 1109ஆம் இலக்க வீடு, இதே தொடர்மாடி. தகவலுக்கும், விரதத்துக்கும்.